கோத்தெலே சுவர்

என் பெரியம்மாவுக்கு அலுவலகத்தில் 'அகராதி' என்று பெயர். ஸ்பானிஷ் தெரிந்ததால் பாதி, வாய்த்துடுக்கால் பாதி. கட்டுமான இயந்திரங்களை இறக்குமதி செய்யும் நிறுவனம் அது. கூடவே வரும் ஸ்பானிஷ் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அவர் வேலை. மாடிப்படிக்கு அடியில் மேசை. நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

கட்டடச் சொற்கள் லேசில் பிடிபடாது. பூசுவதற்கு முன் சுவரில் 'மாயெஸ்த்ரா'க்களை வரிசையாக நிறுத்தச் சொன்னது ஒரு கையேடு. அகராதியைப் புரட்டினால், ஆசிரியை என்று பொருள்! பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார்.

"தாராளமா நிறுத்து. முதல்ல எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்றார். பெரியம்மாவுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. மட்டம் பிடிக்க முதலில் போடும் கலவைப் பட்டைதான் அது என்று பிறகு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

'கோத்தெலே'வுக்குப் படமும் இல்லை. கெட்டிப் பெயின்ட்டைத் துளித்துளியாகத் தெளிப்பது என்று மட்டும் போட்டிருந்தது.

"ஏங்க, காஞ்சா எப்படி இருக்கும்னு தெரியாம என்னத்த எழுதறது?"

"தெளிச்சுப் பாத்துட்டா போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பெயின்ட்டில் சுண்ணாம்புத்தூளைக் குழைத்து, பழைய துடைப்பத்தால் படுக்கையறைச் சுவரில் விசிறினார். பாதி சுவருக்கு, மீதி அவர் மீசைக்கு. காய்ந்ததும் புள்ளி புள்ளியாகப் புடைத்திருந்ததைப் பெரியம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். 'ரெய்ஸ்டு டிராப்லெட் ஃபினிஷ்' என்ற ஆங்கிலத் தொடர் அப்போதுதான் கிடைத்தது.

வயதானபின் பெரியப்பாவுக்குப் பார்வை மங்கியது. அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே கதவுக்கு வருவார்.

"அப்பா, இதைச் சுரண்டி வழவழன்னு ஆக்கிடலாமா?" என்று கேட்டாள் அவர்கள் மகள், என் அக்கா.

"வேண்டாம்மா. மத்த சுவரெல்லாம் எனக்கு ஊமை. இது ஒண்ணுதான் வழி சொல்லுது."

அவர் போனபின் வீட்டை விற்றுவிட்டு, பெரியம்மா மகளோடு இருக்கப் போனார். போன மாதம் நான் போயிருந்தபோது, புதிதாக வாங்கியவர்கள் அந்தச் சுவரைச் சுரண்டிவிட்ட செய்தியை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்படிச் சமமாக்குறதுக்கும் ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. அலிஸார்," என்றார் பெரியம்மா. "தூசி பறந்திருக்குமே! உங்கப்பா இருந்திருந்தா தும்மியே தெருவைக் கூட்டியிருப்பார்."

அக்கா சிரித்துவிட்டாள். அன்று மாலை முழுக்க நாங்கள் பெரியப்பாவின் தும்மலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.