"நீங்கள் பணியிடத்தில் இல்லை" என்று சொன்ன போன்

நேற்று சாயங்காலம், டோல்கேட்டில் ஒரு மொபைல் கடை.

புது போன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. வேலை போய்விடுமோ என்று போனேன்.

என் போனுக்கு நாலு வயது. மூலையில் ஒரு விரிசல். மதியத்துக்குள் பேட்டரி பாதியாகிவிடும். மற்றபடி ஓடுகிறது. ஓடுகிற பொருளை மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

நான் எண்ணூர் பக்கம் ஒரு பிளான்ட்டில் கான்ட்ராக்ட் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். எங்களுக்கு வருகைப் பதிவு இப்போது ஆப்பில்தான். கேட்டில் நின்று ஒரு செல்ஃபி எடுக்க வேண்டும். நாம் பிளான்ட்டில் இருப்பதாக லொகேஷன் காட்டினால் பிரசென்ட்.

எடுத்த கையோடு போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே கேஸ் லைன் ஓடுகிறது, போனுக்கு அனுமதி இல்லை.

(ஆக, ஒரு நாளில் என் போன் செய்யும் உருப்படியான வேலை அந்த ஒரு செல்ஃபி.)

இந்த வாரம் எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து நாலு பேரை மட்டும் மெயின் கேட்டிலிருந்து பின் கேட்டுக்கு மாற்றினார்கள். லாரி நெரிசலாம்.

அன்றிலிருந்து ஆப் ஒரே வரியைத்தான் சொல்கிறது: "நீங்கள் பணியிடத்தில் இல்லை."

தலையில் ஹெல்மெட், முதுகில் டூல் பை, கண்ணெதிரே பிளான்ட். பணியிடத்தில் இல்லையாம்.

இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தாயிற்று. மூன்றாவது நாளும் விழுந்தால் கேட் பாஸ் தானாகவே பிளாக். அப்புறம் மெடிக்கல், போலீஸ் சர்டிஃபிகேட் என்று எல்லாம் முதலிலிருந்து. அதுவரை வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நேற்றே டைம் ஆபீஸில் தனசேகர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எங்கள் வருகைக் கணக்கைப் பார்ப்பவர் அவர்.

"அண்ணா, உள்ளதான் வேலை பாத்துகினு கீறேன். ஆப்சென்ட் காட்டுது."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஆப்பு கரெக்டா கீதுப்பா. உன் போனுதான் டப்பா. உங்க நாலு பேர் போனும் டப்பா. வேற வாங்கு."

நம்பினேன். கூட டிப்ளமோ படித்த ராயபுரத்து ஜோசப்பை இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஆரம்பித்தார். "அண்ணா, இருநூறு மெகாபிக்சல். நிலாவ ஜூம் பண்ணா பள்ளம்லாம் தெரியும்."

(எங்கள் பக்கம் முதலில் நிலா தெரியட்டும்.)

"ஜிபிஎஸ் டூயல் பேண்டா?" என்று கேட்டேன். அது இருந்தால் இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும்.

"மேப்பு சூப்பரா வரும்ணா."

"மேப்பு வரும். எத்தினி மீட்டர் தப்பா காட்டும்?"

"அதெல்லாம் ஏஐ பாத்துக்கும்ணா."

ஜோசப் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

"மாமு, அவர இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற? போன மாசம் வாங்கனேனே, என் போன்ல அந்த டூயல் பேண்டு கீது. காலைல நானும் வரேன், எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டுதான். கேட்டாண்ட வச்சிப் பாரு. வேலை செஞ்சா அப்பால வாங்கு."

இன்று காலை இருவரும் பின் கேட்டில். அவன் போனில் என் ஐடியைப் போட்டு ஆப்பைத் திறந்தேன்.

"நீங்கள் பணியிடத்தில் இல்லை."

ஜோசப் போனைப் பிடுங்கிப் பார்த்தான். "இன்னாடா இது, என் போனும் டப்பாவா?" இன்னும் பதினோரு மாதத் தவணை கட்ட வேண்டியவனின் முகம் அது.

அப்போதுதான் ஆப்பில் இருந்த மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

நீலப் புள்ளி மிகச் சரியாகப் பின் கேட்டில் இருந்தது. என் பழைய போனிலும் அதே இடம்தான். பிளான்ட் என்று ஆப்பில் யாரோ ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மெயின் கேட் அதற்குள் இருக்கிறது. பின் கேட் வெளியே இருக்கிறது.

வட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் செக்யூரிட்டியைத் தாண்ட வேண்டும். தாண்ட வேண்டுமென்றால் போனைக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் தொழிலில் அலாரம் அடித்தால் முதலில் சென்சாரைத்தான் கழற்றுவோம். எந்த அளவில் அலாரம் அடிக்க வேண்டும் என்பதை மேலே யாரோ முடிவுசெய்து கொடுத்திருப்பார்கள். அதைச் சந்தேகப்பட்டுப் பழக்கமே இல்லை. என் போனையும் அதே புத்தியோடுதான் தூக்கிப்போடப் பார்த்தேன்.

தனசேகர் அண்ணனைக் கையோடு பின் கேட்டுக்குக் கூட்டி வந்தேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால?"

"உங்க போன்ல ஆப்பத் தொறங்கண்ணா."

திறந்தார். நீங்கள் பணியிடத்தில் இல்லை.

"பன்னண்டு வருசமா இங்கதான்யா கீறேன்," என்றார். என்னிடம் இல்லை, போனிடம்.

வட்டத்தைக் காட்டினேன். புள்ளியைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நேராக ஆபீசுக்குப் போய் பீரோவைத் திறந்து, பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார்.

"நாலு பேரும் இதுல கையெழுத்து போடுங்க. அந்த ரெண்டு நாளுக்கும் சேத்துப் போடுங்க. நான் மேல சொல்லிக்கிறேன்."

போட்டோம். கேட் பாஸ் பிழைத்தது. போன் வாங்கவில்லை.

டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, நீ டெக்னிக்கலு படிச்சவன். ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கண்ணா."

"என் போனும் பழசாயிட்ச்சி போல கீதே. இப்போ இன்னா மாடலு வாங்கலாம்?"

நின்று பதில் சொல்லத் தெம்பில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று போய்விட்டேன்.

ஷிஃப்ட் முடிந்தது. போன் கைக்கு வந்துவிட்டது. அவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

இருபதாயிரத்துக்குள் நல்ல போன் எது? தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள்.