"அடுத்த ஞாயிறும் போவேன்" என்ற சூன் அக்கா

சூன் அக்கா போய்விட்டார். இன்று காலை, மாத்தளை ஆஸ்பத்திரியில்.

"பாவம், சொந்தபந்தம் இல்லாத ஊரில்..." என்று காலையிலிருந்தே மெசேஜ் வருகிறது. தயவுசெய்து பாவம் என்று மட்டும் எழுதாதீர்கள். அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக... அவர் கொரியாக்காரர். படித்தது நர்சிங். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஊழியத்துக்கு வந்தவர். நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிஷில்.

சபையார் டவுனில் வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வந்த மாதமே கோவாவை, அதுதான் முட்டைக்கோஸை, வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, போத்தலில் அடைத்து வைத்தார். அவர் ஊர் ஊறுகாயாம். நாலாம் நாள் பக்கத்துக் காம்பரா ராணி டோர்ச்சோடு வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறாள்.

"எலி ஏதோ செத்துக் கிடக்குதுங்க மிஸ்... நாத்தம் தாங்கல."

அக்கா போத்தலைத் திறந்து ஒரு துண்டு நீட்டினார். ராணி மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். மறுநாள் கிண்ணத்தோடு வந்தாள்.

அந்த ராணிக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போது, பிரசவ வலி வந்தது. தோட்டத்து லொறி வேலையாகப் போயிருந்தது. ராணியின் புருஷன் சபை வாசலில் வந்து நின்று அழுதான்.

அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு சபை வேன் சாவியை எடுத்தார். சபைச் செயலாளர் நடுவில் வந்து நின்றார்.

"ஆராதனை முடியட்டும் மிஸ். அவங்க நம்ம சபை ஆளும் இல்ல. கோயிலுக்குப் போறவங்க."

அப்போது அக்காவின் தமிழ் இவ்வளவுதான்... "ஆண்டவர் வெயிட் பண்ணுவார். பேபி வெயிட் இல்ல."

மலை வளைவு ரோட்டில் அவரே வேனை ஓட்டினார். பின்சீட்டில் ராணியின் தலை என் மடியில். கையை நசுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணி நேரத்தில் பெண் பிள்ளை. இருவரும் சுகம்.

இரண்டு மாதம் கழித்துச் சபைக் கமிட்டி கூடியது. அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அக்கா இங்கிலிஷில் சொன்னார்: முடியாது, யாராவது கூப்பிட்டால் மறுபடியும் போவேன். எதிரில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். நான் சொன்னேன், "மிஸ் யோசிச்சுச் சொல்றாங்களாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"யோசிக்கலைங்க. மன்னிப்பு இல்லைங்க. அடுத்த ஞாயிறும் போவேன்."

சுத்தமான லயத்துத் தமிழ். ராணியிடம் கற்றுக்கொண்டது.

வெளியே வந்து என்னிடம் சொன்னார், "பயமா இருந்தா பேசாத. என் வார்த்தைய மாத்தாத." எனக்குக் கோபம். ரோஷம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

வேன் சாவியைக் கமிட்டி வாங்கிக்கொண்டது. அவரைத் திருப்பி அழைக்கச் சொல்லி, கொரியாவில் அவரை அனுப்பிய சபைக்குக் கடிதம் போனது. விஷயம் தெரிந்து லயமே கையெழுத்துப் போட்டு இன்னொரு கடிதம் அனுப்பியது. முதல் கையெழுத்து கோயில் தலைவருடையது.

அக்கா போகவில்லை. கூப்பிட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் இல்லாவிட்டால் மரக்கறி லொறி. அதுவும் இல்லாவிட்டால் த்ரீவீல். ஞாயிறு மட்டும் தவறாமல் சபையில் முன்வரிசை வாங்கில், செயலாளருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, சுருதி சேராமல், சத்தமாகப் பாடுவார்.

போன வருடம் அவர் நோயில் விழுந்து, அது முற்றியபோது அவருடைய தம்பி போனில் அழுதார், ஊருக்கு வந்துவிடு என்று. அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் சிரித்தார். "அங்க போனா என்கூட யாரு சண்டை போடுவா?"

இன்று மதியம் அடக்கத்துக்கான பேச்சு. பெட்டியை டவுனிலிருந்து வரும் ஆண்கள் தூக்கட்டும், அதுதான் வழக்கம் என்றார்கள் கமிட்டிக்காரர்கள். ராணி வேலைத்தலத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"தெனம் இந்த மலையில கொழுந்து சுமக்குறோம்ங்க ஐயா. எங்க மிஸ்ஸ சுமக்க மாட்டோமா?"

நாங்கள் பதிலுக்காக நிற்கவில்லை.

நாளை பின்னேரம் மூன்று மணி, எல்கடுவ சபை. ஆறு பெண்கள் தூக்குகிறோம். நானும் ஒருத்தி. வருகிறவர்கள் வழி விட்டு நில்லுங்கள்.

போய் வாங்க அக்கா...