ரிம்முக்கு எங்கே பொட்டு வைக்கலாம்

1. தூக்கிப் பார்

முதல் நாள் வேலைக்குப் போனபோது கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் சக்கரத்தின் ரிம் ஒன்றைக் கொடுத்தார்.

"தூக்கு," என்றார். தூக்கினேன். கீழே வைக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றைக் காட்டினார். "இப்ப இத தூக்கு."

இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் இரண்டாவது ரிம் கையில் இருப்பதே தெரியவில்லை. ஒன்று அச்சில் ஊற்றியது, மற்றது அழுத்தி அடித்து எடுத்த ஃபோர்ஜ்டு. அந்த வித்தியாசம் எல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? ஏன் இப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"நல்லது. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. இந்த வேலையில பொய் சொன்னா கஸ்டமருக்குத்தான் அடிபடும்லா."

தவுக்கே ஈப்போ நகரத்துக்கு வெளியே ரப்பர் தோட்டத்துக் கடைவீதியில் வளர்ந்த சீனர். என்னைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். அவரிடம் கற்றுக்கொண்டு, இன்று ஈப்போவில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம் வேண்டும் என்றால் "பிலோமினா அக்காகிட்ட கேளு" என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறேன். தற்பெருமைதான். உழைத்து வாங்கியது, சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இப்போதும் சிலர் கடைக்குள் வந்து என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள்.

"ஆம்பள யாரும் இல்லயா?"

"இருக்காங்க அண்ணே, பின்னால டயர் கழட்டுறாங்க. ரிம்மப் பத்திப் பேசணும்னா நான்தான்."

அதற்குப் பிறகு பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

2. குணாவின் வெண்கல நிறம்

நான் சொல்ல வந்தது குணாவைப் பற்றி. சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டம் ஒன்றை அழித்துக் கட்டிய வீடமைப்பில் இருப்பவன். ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இரண்டு கதவு வைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கி, பெண் பார்ப்பதைக்கூடத் தள்ளிப்போட்டு அதைச் சீர் செய்துகொண்டிருந்தான்.

கடைக்கு வரும்போதே பெரிய ஆசையோடு வந்தான். ரிம் நன்றாக வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டுமாம். நான் ஆஃப்செட்டை விளக்கினேன். ரிம் காருக்குள் எவ்வளவு ஒதுங்கும், வெளியே எவ்வளவு தள்ளும் என்பதை முடிவு செய்வது அதுதான். அளவு மீறினால் வளைவில் டயர் தன் மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டைத் தின்னும்.

"போட்டோல அப்படித்தான் அக்கா இருந்துச்சு."

"போட்டோவுல இருக்கிற கார் ஓடாது தம்பி, நின்னுக்கிட்டே இருக்கும். ஒன் கார் ஓடணுமா, நிக்கணுமா?"

சிரித்தான். கேட்டுக்கொண்டான். லேசான ஃபோர்ஜ்டு ரிம்மைத் தேர்ந்தெடுத்து, அவன் விருப்பப்படி வெண்கல நிறத்தில் பவுடர் கோட் பெயின்ட் அடித்தோம். இதில் ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிம்மின் பின்பக்கம் நடுவில், காரில் சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டும் தட்டையான இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிடுவோம். அங்கே உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் ஒட்ட வேண்டும். நடுவே ஏதாவது இருந்தால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது பொய்ப் பிடி. நடுவில் இருப்பது நொறுங்கியதும் பிடி போய்விடும்.

சனிக்கிழமை டயர் போட்டு பேலன்சிங் முடிந்தது. மாட்டலாம் என்று பார்த்தால் குணா தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அம்மா முனியாண்டி கோயில்ல பூசை போடணும்னு சொல்றாங்க. கார் அங்க போகாது, செம்மண் ரோடு, அடி தட்டும். ரிம்ம மட்டும் மச்சான் வேன்ல ஏத்திட்டுப் போறேன். திங்கக்கிழமை கொண்டாரேன், நீங்களே மாட்டிக் குடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. ரப்பர் தோட்டம் போனாலும் கோயில் அங்கேயே, பின்னால் நட்ட எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. போய் வா என்று அனுப்பினேன்.

3. ஞாயிற்றுக்கிழமை போட்டோ

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து தேவாலயத்தை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தேன். குணா போட்டோக்கள் அனுப்பியிருந்தான். முதல் போட்டோவில் மாலை போட்ட கார், நான்கு வெண்கல ரிம்மும் மாட்டியபடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை மாட்ட வேண்டிய ரிம் ஞாயிற்றுக்கிழமை காரில் எப்படி வந்தது?

அடுத்த போட்டோ கோயில். புது பெயின்ட் கீறிவிடக் கூடாது என்று ரிம்களைச் சாக்கின் மேல் முகம் குப்புற அடுக்கி வைத்திருந்தான். பூசாரி என்ன செய்வார், பாவம். கண்ணுக்குத் தெரிந்த தட்டையான இடத்தில், சரியாக அந்த ஹப் ஒட்டும் இடத்தில், சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார். தாராள மனசு. தோசை ஊற்றியதுபோல் இருந்தது.

உடனே போன் போட்டேன்.

"எங்க இருக்க?"

"சிம்பாங் பூலாய்ல, மலை அடிவாரத்துல பெட்ரோல் போட்டுட்டு இருக்கேன் அக்கா. அம்மாவ ஏத்திக்கிட்டு மலை ஏறப் போறோம், எங்க அக்கா வீட்டுக்கு. திங்கக்கிழமை நாள் சரியில்லன்னு அம்மா சொன்னாங்க. அதான் காலையில நல்ல நேரத்துல நானே மாட்டிட்டேன்."

"ஸ்டியரிங் நடுங்குதா?"

கொஞ்சம் யோசித்தான். "லேசா நடுங்குது. புது ரிம்தானே, பழகிரும்லா."

"குணா, கார எடுக்காத. ரிம்முக்குப் பின்னால சந்தனம் இருக்கு. அது நொறுங்கி நட்டு கழண்டுட்டு இருக்கு. மலை எறங்கும்போது ஒரு ரிம் தனியா ஓடும். நான் வாரேன்."

போன் கை மாறியது. அவன் அம்மா அஞ்சலை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் என்று குணா சொல்லியிருக்கிறான். குரலிலேயே அது தெரிந்தது.

"சாமி சந்தனத்தால கார் கெட்டுப்போவுமா? நீ வேதக்காரப் பொண்ணுதானே?"

கோபம் வந்தது எனக்கு. வராமல் இருக்குமா? ஆனால் கோபத்தைக் காட்டினால் அந்த அம்மா மகனைக் காரை எடுக்கச் சொல்லிவிடுவார். காரில் இருப்பது இரண்டு உயிர்.

"ஆமாம்மா, வேதக்காரிதான். எங்க ஃபாதர் அந்த எடத்துல தீர்த்தம் தெளிச்சாலும் நான் தொடச்சிருவேன். ஒரே ஒரு உதவி செய்யுங்க. நான் வந்து காட்டுறேன். பாத்துட்டு, போலாம்னா போங்க."

"சரி, வா," என்றார்.

4. கையால் சுழன்ற நட்டு

கடையைத் திறந்து ஜாக்கையும் டார்க் ரெஞ்சையும் என் சின்னக் காரில் போட்டுக்கொண்டு போனேன். டார்க் ரெஞ்ச் என்பது நட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கியதும் 'டக்' என்று சொல்லும் கருவி. தேவாலயத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

பெட்ரோல் ஸ்டேஷன் ஓரத்தில் கார் நின்றது. அஞ்சலையம்மா கதவைத் திறந்துபோட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. நான் எதையும் விளக்கவில்லை. இடதுபக்கப் பின்ரிம்முக்கு முன்னால் குந்தி, "அம்மா, இங்க வாங்க. ஒங்க கையாலயே இத திருகிப் பாருங்க," என்றேன்.

வந்தார். இரண்டு விரலால் நட்டைப் பிடித்தார். போத்தல் மூடிபோல் சுழன்றது. அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. குணா தரையைப் பார்த்தான்.

"கத்திக்குப் பிடி ஆடுன மாதிரி இருக்கே," என்றார் மெதுவாக. பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "இதுலயா என்ன ஏத்திட்டு வந்தே?"

"நீங்கதானேம்மா நல்ல நேரம்னீங்க."

"நேரம்தான் சொன்னேன். ஒழுங்கா மாட்டாதன்னா சொன்னேன்?"

ரிம்மைக் கழற்றினேன். சந்தனம் காய்ந்து, பாதி தூளாகி, மீதி ஓடு ஓடாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரஷை எடுத்ததும் அஞ்சலையம்மா என் கையைப் பிடித்தார். விடமாட்டார் போலிருக்கிறது, மறுபடியும் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கீழ விழக்கூடாது பிள்ள. பொறு."

முந்தானையை விரித்து ரிம்முக்குக் கீழே பிடித்துக்கொண்டார். நான் சுரண்டினேன், அவர் ஏந்தினார். நான்கு ரிம்முக்கும் அப்படியே. பெட்ரோல் போட வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பட்டுப்புடவைக்காரி காருக்கு அடியில், பக்கத்தில் ஒரு அம்மா முந்தானை ஏந்திக்கொண்டு. என்ன சடங்கு என்று நினைத்தார்களோ.

ஹப்பையும் துடைத்து, ரிம்மை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். ஒவ்வொன்றும் 'டக்' என்றது. அஞ்சலையம்மா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நட்டு முடிந்ததும், "எல்லாம் சொல்லிருச்சா?" என்றார்.

"சொல்லிருச்சும்மா. மலைக்குப் போய்ட்டு வாங்க. வந்ததும் கடையில இன்னொருக்கா இறுக்கிக்கலாம்."

அவர் முந்தானையிலிருந்த தூளில் கொஞ்சம் எடுத்து, போத்தல் தண்ணீரில் குழைத்தார். காருக்குத்தான் வைக்கப்போகிறார், முன்பக்கம் வைத்தால் சரிதான் என்று ஒதுங்கி நின்றேன். அவர் என் கையிலிருந்த ரெஞ்சை வாங்கி, அதன் பிடிக்கு மேலே ஒரு பொட்டு வைத்தார்.

"என் புள்ளைய இன்னைக்குக் காப்பாத்துனது இது," என்று சொல்லிவிட்டு ரெஞ்சை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இதத் தொடச்சிராத."

சரி என்று தலையாட்டி, பொட்டு கலையாமல் பிடித்து ரெஞ்சைக் காரில் வைத்தேன்.

5. இப்போது கடையில்

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஆஃப்செட்டும் அளவும் எவரும் படித்துக்கொள்ளலாம். ரிம் கடையை விட்டுப் போனபின் யார் கையில், எந்தச் சாமி முன்னால், எந்த நல்ல நேரத்தில் மாட்டப்படும் என்பதையும் விற்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்காதவர் வெறும் உலோகம் விற்கிறார்.

அதனால் இப்போது நான் முதலில் கேட்பது, "பூசை போடுவீங்களா?" என்றுதான். போடுவோம் என்றால் பவுடர் கோட்டுக்கு ஒட்டிய அந்த டேப்பைப் பிரிக்காமலே கொடுத்து அனுப்புகிறேன். மாட்டும்போது என் கையால் பிரிப்பேன். பொட்டு வைக்க முன்பக்கம் எவ்வளவோ இடம் இருக்கிறது.

போன மாதம் புதிதாக வந்த கஸ்டமர் ஒருவர் என் ரெஞ்சைப் பார்த்துவிட்டு, கழுத்திலிருக்கும் சிலுவையையும் பார்த்தார்.

"என்ன அக்கா, இதுல பொட்டு?"

"கஸ்டமர் வச்சது," என்றேன். "தொடைக்கக் கூடாது."