காஹாங் சாலையில் கூட வந்தவர்

பஸ் ஓட்டுகிறவனுக்குச் சாலை மட்டும்தான் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன வேண்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது, இறங்கும்போது அவர்கள் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

ஸ்டியரிங் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்துபோன என் சக டிரைவர்களே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ரேடியேட்டர் கொதித்ததும் டயர் வெடித்ததும் உங்களுக்கும் நடந்தவைதான். ஆனால் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மெர்சிங் போகிற காட்டுச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள் அதிகம் பேர் இல்லை. நான் ஓட்டினேன். லாரிச் சட்டத்தின் மேல் பலகை அடித்து, பஸ் என்று பெயர் வைத்த வண்டி.

கண்டக்டர் சூசை. முன்பு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். தோட்டம் மூடியதும் என்னோடு வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். காலையில் வண்டியை எடுக்குமுன் நான் விளக்குகளுக்குத் திருநீறு பூசுவேன், அவர் கண்ணாடிக்கு நேரே சிலுவை போட்டுக்கொள்வார். நான் பூசியது பழக்கத்தில். அவருடையது அப்படியில்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

தண்ணீர் எடுக்கப் போனவர்

காஹாங் தாண்டி ஓர் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டோம். உச்சி வெயில். கீழே சரிவில் ஓர் ஓடை உண்டு. சூசை தகர டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் காட்டில் சத்தம் நின்றுவிட்டது. சில்வண்டு இல்லை, பறவை இல்லை. எத்தனையோ வருஷம் அந்தச் சாலையில் போய்வந்தும் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. முன் சீட்டில் இருந்த ஹசான் என்கிற மலாய்க் கிராமத்துப் பெரியவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேர் சொல்லாதே, தாத்தா வந்திருக்கிறார் என்று மலாயில் முணுமுணுத்தார். அவர்கள் புலியை அப்படித்தான் சொல்வார்கள்.

சூசை சரிவில் ஏறி வருவது தெரிந்தது. டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல், கோயிலுக்குள் நடக்கிற மாதிரி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால், அவர் காலடி பட்ட இடத்திலேயே அதன் காலும் படுகிற அளவு நெருக்கத்தில், அது வந்தது. கத்தலாமா, ஹார்ன் அடிக்கலாமா என்று நினைக்கக்கூட எனக்கு வரவில்லை. சாலை ஓரம் வந்ததும் அது நின்று எங்களைப் பார்த்தது. பிறகு திரும்பி இறங்கிப் போய்விட்டது. சூசை ரேடியேட்டரில் தண்ணீர் முழுவதையும் ஊற்றி முடித்து மூடியைத் திருகினார். பின்னால் வந்தது தெரியுமா என்று கேட்டேன். மூச்சு கழுத்தில் பட்டது என்றார். ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது:

"திரும்பிப் பார்த்திருந்தா, ஆண்டவரைவிட அதைத்தான் பெருசா நம்பினேன்னு ஆயிருக்கும் அண்ணே."

பகலில் கேட்ட மணி

காஹாங்குக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம் மூடிக் கிடந்தது. ஆட்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பால்மரங்களுக்கு நடுவே காடு ஏறி, சாலையிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரை மட்டும் தெரியும். அந்த இடத்தை நண்பகலில் கடக்கும்போதெல்லாம் மணிச்சத்தம் கேட்கும். பூசை மணி. பயணிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கே காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம், அவர்கள்தான் அடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அந்த இடம் வந்தால் வேகத்தைக் கூட்டிவிடுவேன்.

ஒரு நாள் பயணிகள் யாரும் இல்லாமல் திரும்பி வரும்போது சூசை, போய்ப் பார்த்துவிடலாம் என்றார். போனோம். லயத்தில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் தொட்டில் சேலை இன்னும் தொங்கியது. வரிசைக் கடைசியில் மாரியம்மன் கோயில். அதன் வாசல் மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. வாசலில் பந்தி போட்டது மாதிரி நீள வரிசையாகத் தேக்கிலை விரித்து, ஒவ்வோர் இலையிலும் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு வைத்திருந்தது. சாப்பிட யாரும் இல்லை.

கோயிலுக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாய் ஒருவர் வந்தார். அந்தத் தோட்டத்துக் கோயிலில் பூசை செய்த பண்டாரம். எல்லோரும் கப்பலுக்குப் போகும்போது, சாமியைப் பார்த்துக்கொள் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். அவர் இருந்துவிட்டார். ஒவ்வோர் இலையும் ஒரு வீட்டாருக்கு. அவர்கள் பேரைச் சொல்லி வைத்துவிட்டு, அப்புறம் ஒரே ஓர் இலையில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறார். மற்றதெல்லாம் மறுநாள் காலையில் காலியாகத்தான் இருக்கும் என்றார். காட்டுப்பன்றி தின்கிறதா என்று கேட்டேன், பார்த்ததில்லை என்றார். எங்களோடு வந்துவிடச் சொன்னேன். இங்கே சோறு கிடையாது, மருந்து கிடையாது, இனி யாரும் திரும்பி வரப்போவதும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஏதோ சின்னப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டியதை அவ பார்த்துக்குவா, நான் போயிட்டா அவளுக்கு யாரு தம்பி இருக்கா?"

மெதுவாப் போங்க

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் நல்லபடியாக முடிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நீங்களே என்னை நம்பமாட்டீர்கள்.

ஒரு காலையில், இன்னும் மூடாத வேறொரு தோட்டத்து முனையில் ஒருவர் கைகாட்டினார். தோளில் பெண்குழந்தை, கடுமையான காய்ச்சல். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர், குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாராம். தன் பெயர் கோவிந்தன் என்றார். ஏறியதிலிருந்து வேகமாப் போங்க, வேகமாப் போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அந்த வண்டி தாங்குகிற அளவுக்கு மேலேயே விரட்டினேன். ஆற்றுப்பாலம் தாண்டினதும் அவர் குரல் மாறியது. மெதுவாப் போங்க என்றார். குழந்தை தூங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அதன் பிறகு அவர் குழந்தையோடு பேசிக்கொண்டே வந்தார். அதோ குரங்கு பார், அதோ சீனன் கடை, அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று. பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக முக்காடு போட்டுக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு மட்டும் புரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. இப்ப அவசரம் இல்லீங்க, எல்லாரையும் அவங்கவங்க எடத்துல இறக்கி விட்டுட்டு வாங்க என்றார். குழந்தை பாலத்திலேயே போய்விட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்ப அவரைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் விட்டோம். இறங்கினதும் அவர் நேரே லயத்துக்குப் போகாமல், குழந்தையோடு அம்மன் கோயில் பக்கம் திரும்பினார். சூசை பின்னாலேயே ஓடி, இப்போது எதற்கு அங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவ்வளவு வேண்டியும் தராத சாமியிடம் என்ன இருக்கிறது என்பது என் மனசில் ஓடியது, நான் சொல்லவில்லை. அது கேட்ட மாதிரி கோவிந்தன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"கோபமாத்தான் இருக்கு, ஆனா அதையும் அவகிட்டத்தானே சொல்லணும், வேற யாருகிட்ட போயி சொல்றது?"

காலி இடம்

பாக்கியம் குளுவாங்கில் ஒரு துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். கணவர் வீராசாமி, பிரம்பு வெட்டக் காட்டுக்குள் போனவர் திரும்பவில்லை. போலீஸார் தேடிப்போய் அவருடைய வெட்டுக்கத்தியை மட்டும் கொண்டுவந்தார்கள். உறவுக்காரர்கள் கருமாதி செய்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு, ஞாயிறுதோறும் எங்கள் பஸ்ஸில் ஏறி, கணவர் காட்டுக்குள் நுழைந்த இடத்தில் இறங்கி, சாலையோரம் உட்கார்ந்திருந்து, நாங்கள் திரும்பும்போது ஏறிக்கொள்வார். பக்கத்து இடத்தில் கணவருடைய துண்டை மடித்து வைத்திருப்பார். யாரையும் உட்கார விடமாட்டார். அந்தப் பக்கம் குனிந்து ஏதோ மெல்லப் பேசுவார். பயணிகளுக்கு அது பிடிக்கவில்லை. செத்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வருகிறாள் என்று என் காதுபடவே சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு கூட்டம் நெரிந்தது. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி ஒருவர், இதெல்லாம் என்ன கூத்து என்று துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். பலகை சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது என்றார். மழை பெய்து சன்னலெல்லாம் நனைந்து கிடந்த நாள் அது. மெர்சிங் வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு, அந்த இடத்தை நெருங்கும்போது சாலையில் ஆட்கள் நின்றார்கள். காட்டில் வாழ்கிற ஜாகுன்காரர்கள் மூன்று நான்கு பேர். நடுவில் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு, தாடியும் தலைமுடியுமாய் ஒரு மனுஷர். பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தவரை அவர்கள் எடுத்துப்போய், காய்ச்சலோடும் ஒடிந்த காலோடும் இவ்வளவு நாள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சூசை அவரைத் தூக்கி ஏற்றினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பாக்கியம் கதறப்போகிறார் என்று பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறி, கணவரின் தோளில் போட்டார். குரல்கூட உயரவில்லை.

"உட்காருங்க, உங்க எடம் அப்படியேதான் இருக்கு."

தண்ணீருக்கு நடுவில்

ஒரு வருஷம் மழைக்காலத்தில் காஹாங்குக்கும் மெர்சிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டோம். விடிந்து புறப்பட்டவர்களுக்கு முன்னால் சாலையில் வெள்ளம். திருப்பிக்கொண்டு வந்தால் பின்னாலும் பாலம் தெரியவில்லை. நடுவில் இருந்த ஒரு மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண், நாங்கள் இருவர். தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே வந்தது. மேடு சுருங்கச் சுருங்க, காட்டிலிருந்தவையும் அங்கே வந்து சேர்ந்தன. காட்டுப்பன்றிகள், ஒரு மான், உடும்பு, புதரெல்லாம் பாம்பு. ஒன்றும் ஒன்றைத் தொடவில்லை. எல்லாம் எங்களைப் போலவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு பன்றிக்குட்டி அந்தப் பெண்ணின் காலில் ஒண்டிக்கொண்டது, அவர் விரட்டவில்லை.

மலாய்க்காரர் வண்டிக் கூரையில் ஏறித் தொழுதார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் சூசையைப் பார்த்தார்கள். அவர் ஜெபம் பண்ணுவார் என்று. சூசை அழுதுகொண்டிருந்தார். புலிக்குத் திரும்பிப் பார்க்காத மனுஷர் என்னிடம், ஒரு வார்த்தையும் வரமாட்டேங்குது அண்ணே என்றார். எனக்கு அதுவரைக்கும் யாரிடமும் வேண்டத் தெரியாது. வார்த்தை இல்லாவிட்டால் பரவாயில்லை, இதைப் பிடி என்று அவர் கையை ஹார்னில் வைத்தேன். ரப்பர் குமிழ் வைத்த பித்தளை ஹார்ன். அவர் அமுக்கினார். கை ஓய்ந்ததும் நான் அமுக்கினேன். மாற்றி மாற்றி, வேறு ஒன்றும் செய்ய முடியாமல், அதை மட்டும் செய்தோம். நண்பகல் இருக்கும், ரப்பர் கிழிந்துவிட்டது. அமுக்கினால் வெறும் காற்றுதான் புஸ் என்று வந்தது. அதற்குப் பிறகும் சூசை விடவில்லை. சத்தமில்லாத ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் படிக்கட்டைத் தொட்டது.

வெளிச்சம் குறைய ஆரம்பித்தபோது மரங்களுக்கு நடுவே படகு தெரிந்தது. ஆற்றின் மேல்பக்கம் மரம் அறுக்கிற சீனர்கள். குழந்தையை முதலில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சூசையையும் என்னையும் தவிர மற்றவர்களை ஏற்றினார்கள். இந்தக் காட்டில் எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு, ஹார்னைப் பிடித்திருந்த சூசையின் கையைப் பார்த்தார். கிழிந்த ரப்பர் விரலிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூத்தவர் அதைக் கவனிக்கவில்லை. சந்தையில் பேசுகிற உடைந்த மலாயில் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"போதும், விட்டுடு, ஆத்துத் திருப்பத்துல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதானே வந்தோம்."

அந்தப் பாதையில் இத்தனை வருஷம் பஸ்ஸை ஓட்டியது நான்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணில் படாமல் கூட வந்தவருக்கு லைசென்ஸ் கிடையாது, அது என் பேரில் இருந்ததால் நானும் மறுப்பதில்லை.