தம்பி பெயரில் நான் எழுதிய காற்பந்து வரலாறு

தம்பி பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டிய காற்பந்துக் கட்டுரை ஃபோலியோவை எழுதியது நான்தான். பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு நேரமில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

இங்கிலாந்தில் விதிகள் எழுதியது, ஆட்டம் கப்பலேறி உலகமெல்லாம் போனது, துரைமார் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது, பால்மரம் வெட்டிய நம் ஆட்கள் வெறுங்காலோடு ஆடியது, எல்லாம் எழுதினேன்.

இன்று சாயங்காலம் லகாட் டவுனில் பாய் சாப்பாட்டுக் கடையில் அப்பா அதை நீட்டினார். "என் மகன் எழுதுனது, பாய்."

பாய் புரட்டினார். "இங்க பாருங்கண்ணே, பொம்பளைங்களுக்குத் திடலே குடுக்கக்கூடாதுன்னு இங்கிலாந்துலயே அம்பது வருஷம் தடை போட்டானுங்களாம்."

"வெள்ளைக்காரனுக்கு அப்பவே புத்தி இருந்திருக்குலா," என்றார் அப்பா.

கடையே சிரித்தது. தம்பியும்தான்.

அங்கேயே பேனா வாங்கி, ஃபோலியோவில் அப்பா கையெழுத்துப் போட்டார். என் மடியில் இருந்த பையில், மாவட்டப் பெண்கள் குழுத் தேர்வுக்கான அனுமதிப் பாரம். அதற்கும் அவர் கையெழுத்துதான் வேண்டும். ஜிப்பில் கை வைத்தேன்.

"என்னாத்த தேடுற?"

"ஒண்ணுமில்லப்பா."

போன வருடம் என் பூட்ஸை அவர் கத்தியால் கிழித்தது நினைவுக்கு வந்தது.

பாரம் கொடுக்க நாளைதான் கடைசி நாள். இதைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

தம்பிக்கு மார்க் குறைந்தபோது அப்பாவின் கையெழுத்தை மூன்று தடவை நான்தான் போட்டுக் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்காகப் போட உட்கார்ந்தால் மட்டும் கை நடுங்குகிறது.

நடுங்கின கையெழுத்தை டீச்சர் ஏற்றுக்கொள்வாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.