அழகர் தட்டிப் பார்த்த வண்டி

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பழைய பிக்கப் வாங்க வருகிறவர்கள் வண்டியைத் தேடுவதற்கு முன்னால் அழகரைத் தேடுவார்கள். அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற மலை வண்டி என்றால் அழகர் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கைமாறாது. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, இருபது வயதில் இங்கே வந்து, முப்பது வருஷம் பட்டறையில், வண்டியைத் தாங்குகிற சேஸிஸ் சட்டத்தை வெட்டி ஒட்டியவர். வண்டியின் அடிப்பக்கம் அவருக்கு அத்துப்படி.

கடற்கரை ஊரில் பிக்கப் வாங்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு, அது உயிரை வாங்கும் வில்லங்கம். கும்பளங்கி இறாலும் ஐஸும் ஏற்றி ஏற்றி, உப்புத் தண்ணீர் ஒழுகி சேஸிஸுக்குள் இறங்கும். வெளியே இரும்பு கிண்ணென்று நிற்கும், உள்ளே அப்பளம். அதன்மேல் பட்டி பூசிக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் செய்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அழகருக்குத் தெரிந்துவிடும். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு ‘ணங்’ என்னும். உளுத்த இரும்பு ‘டொக்’ என்னும். அவ்வளவுதான் வித்தை.

ஆள் நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் இருக்கிறதே, அது ஊர் வாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீநாத் என்ற சின்னத் தரகன் முதன்முதலாக ஒரு வண்டியை விற்பனைக்கு நிறுத்தியிருந்தான். அழகர் தட்டினார், ‘டொக்’ என்றது. வாங்க வந்தவனிடம் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாட்டாரே! ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கூட்டம் சேரும்வரை காத்திருந்து, சேஸிஸில் பிடிவரைக்கும் குத்தி இறக்கினார். “இதுல செத்த மீனை ஏத்தலாம்டா, மனுசனை ஏத்திறாதே!” என்றார். கடைத்தெருவே சிரித்தது. ஸ்ரீநாத்துக்குப் பெண் கொடுக்கவிருந்தவரும் அங்கேதான் நின்றிருந்தார், அவரும் சிரித்தார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அழகர் அந்தக் கதையை ஆறேழு வருஷம் சாயாக்கடை சாயாக்கடையாக நடித்துக் காட்டினார்.

இப்பேர்ப்பட்ட அழகருக்குத்தான் நாலு வருஷத்துக்கு முன் காது போயிற்று. முப்பது வருஷம் கிரைண்டர் பக்கத்தில் நின்றால் போகாமல் என்ன செய்யும்? வலது காது சுத்தமாக இல்லை, இடது காதில் பாதி என்றார் டாக்டர். இஞ்சிக் கிடங்கில் தூசி தின்று சம்பாதிக்கிற மாயம்மாள், புருஷனுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் வீட்டுக்குள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்.

“இதை மாட்டிக்கிட்டு மார்க்கெட்டுல நின்னா நாளைக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான்டி. காதை வச்சுத்தான் எனக்குப் பேரே.”

“பேரு கெடக்கட்டும். நீ தட்டுறது உனக்கே கேக்கலையேய்யா! எவன் தாலியவாவது அறுத்துட்டு வந்து நிக்கப் போற, பாத்துக்க” என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள். அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, “வாயை மூடு” என்றார். அவள் விடவில்லை. தினமும் காலையில் அந்த மெஷினைத் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். அவரும் தினமும் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

வேடிக்கை என்னவென்றால், காது போன பிறகுதான் அவருக்குக் கிராக்கி கூடியது. முன்பு அவரைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட தரகர்கள் இப்போது ஆள் விட்டு அழைத்தார்கள். ஸ்ரீநாத்தும் அழைத்தான். படகுத்துறைக்குப் பக்கத்தில் அவனுக்கே சொந்தமாகப் பழைய வண்டிகளை நிறுத்தி விற்கிற யார்டு வந்துவிட்டிருந்தது. அழகருக்கென்று தனி நாற்காலி, சாயா, பழம்பொரி. “அண்ணாச்சி தட்டாமெ ஒரு வண்டியும் இங்கேந்து போகில்லா கேட்டோ” என்று அவர் இடது காதருகில் குனிந்து சொன்னான். அழகர் உருகிப்போனார். பயலுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இடது காதைத் தேடி ஏன் குனிந்தான் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

போன மழைக்கு முன்னால் வட்டவடையிலிருந்து அருண்பாண்டியும் அவன் மனைவி அமுதவள்ளியும் வந்தார்கள். மலைமேல் பூண்டு போடுகிற குடும்பம். சேற்றுத்தடத்தில் மூட்டையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வர ஒரு வண்டி வேண்டும். ஸ்ரீநாத் யார்டில் வெள்ளைப் பிக்கப் ஒன்று பளபளவென்று நின்றது.

அழகர் அன்றைக்குப் பார்த்த அழகு இருக்கிறதே, குறையே சொல்ல முடியாது. முதலில் பானட்டில் கை வைத்தார். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிப் பழக்கியிருக்கிறான் என்று அர்த்தம், பேசாமல் திரும்பிவிட வேண்டும். சில்லென்று இருந்தது. ஒரே திருகில் கிளம்பியது, புகையில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். கறையில்லை. போர்ட் கொச்சி மணலுக்கு ஓட்டிப்போய் நாலு சக்கரமும் போட்டார், முன்சக்கரம் கவ்வி இழுத்தது. பாலத்து ஏற்றத்தில் சின்ன கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஏற்றிக் காட்டினார். ஸ்பிரிங் பட்டையில் ஒரு விரிசலையும் கியர்ப் பெட்டியில் எண்ணெய்க் கசிவையும் கண்டுபிடித்து, அங்கேயே சரிசெய்து கொடுக்கச் சொன்னார்.

“அய்யா, கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கிட்டுல்ல பாக்குறீக!” என்று அருண்பாண்டிக்கு வாயெல்லாம் பல்.

கடைசியாகச் சுத்தியலோடு அடியில் படுத்தார். தட்டிக்கொண்டே போனார். பின்பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்தபோது சுத்தியல் கையில் ஒரு மாதிரி அடங்கியது, துள்ளவில்லை. மறுபடி தட்டினார். காதில் எதுவும் விழவில்லை. பெயின்ட் வேறு புதுசு. இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, ஒரு குத்துக் குத்தினால் தெரிந்துவிடும். சட்டைப் பையில் மெஷின் இருந்தது. ஆனால் தலைமாட்டில் ஸ்ரீநாத்தின் செருப்பும் இன்னும் நாலு தரகர்களின் கால்களும் நின்றன. சந்தேகப்பட்டுக் குத்தினால், அழகருக்குத் தட்டுவது கேட்கவில்லையா என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு மட்டும் வரக்கூடாது. வீம்பு பிடித்த மனுஷன், எழுந்து வந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“ணங்குன்னு இருக்கு தம்பி. கண்ணை மூடிட்டு எடு. மொத லோடு ஏத்துன அன்னைக்கு எனக்கு ஒரு போன் போட்டுறணும், ஆமா.”

அது அவர் வழக்கம். வாங்கினவர்கள் எல்லாருமே போட்டிருக்கிறார்கள், எல்லாருமே ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் காது போன பிறகும் போன் அவருக்குத் தொந்தரவாக இல்லை. யார் என்று திரையில் பெயர் தெரியும், பதில் கையிலேயே தயாராக இருக்கும்.

மூன்றாவது வாரம் அருண்பாண்டி நம்பரிலிருந்து போன் வந்தது. ஏதோ கரகரவென்றது, பெண் குரல் மாதிரி இருந்தது. சாயாக்கடையில் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அழகர் உரக்கப் பேசினார்.

“ஆ, சொல்லும்மா! அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. நான் அன்னைக்கே சொன்னேன்ல? இன்னும் பத்து வருசத்துக்கு இப்படித்தான் இருக்கும். நல்லா இருங்க!”

வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் பெருமை அடித்தார். “வட்டவடைக்காரங்க. வண்டி பிச்சுக்கிட்டுப் போகுதாம்.”

இரண்டு வாரம் கழித்து அமுதவள்ளி யார்டுக்கு வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. தோளில் இருந்த சாக்கை அழகரின் நாற்காலிக்கு முன்னால் கவிழ்த்தாள். முழ நீளத்துக்கு ஒடிந்த சேஸிஸ் துண்டு விழுந்தது. அழகர் குனிந்து எடுத்தார், பெருவிரல் இரும்புக்குள் புகுந்துகொண்டது. துரு பொருபொருவென்று வேட்டியில் உதிர்ந்தது.

அவள் பேசினாள். அழுகையில் உதடு கோணி, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஸ்ரீநாத்தும் தரகர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழகர் சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் காதில் மாட்டினார்.

முதலில் கேட்டது ஸ்ரீநாத்தின் சிரிப்பு.

“இப்போழாணோ அண்ணாச்சி மாட்டுன்னது? நாலு வருசம் சும்மா பாக்கெட்டுல வச்சு நடந்நு!” அவன் அமுதவள்ளியிடம் திரும்பினான். “சேச்சி, என்னைச் சொல்லிட்டுக் காரியமில்லா. அண்ணாச்சி தட்டிப் பார்த்து ஓகே சொன்ன வண்டியாக்கும். ஆளுக்குக் காது கேக்கில்லான்னு இந்த மார்க்கெட்டுல சகலருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா இவரைப் பாக்க வச்சீங்க?”

“பின்னே? காது உள்ள ஆளை ஞான் எதுக்கு விளிக்கணும்?”

தரகர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அழகர் இதே கூட்டத்தைத்தான் சிரிக்க வைத்தார். நாற்காலியும் பழம்பொரியும் எதற்கு என்பது இப்போது அவருக்கு விளங்கியது. பாவி, செவிடு என்பதற்காகவே கூப்பிட்டிருக்கிறான்! இந்த நாலு வருஷத்தில் எத்தனை வண்டி தட்டினோம் என்று நினைத்துப் பார்த்தார்.

“அம்மா, நான் வேணும்னு செய்யலம்மா” என்றார். அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

“நான் போன் போட்டேன்லய்யா?” அவள் இப்போது அழவில்லை. “மொத லோடுக்குப் போடச் சொன்னீகள்ல? மொத லோடு ஏத்திக்கிட்டு வரும்போதே வண்டி ரெண்டா ஒடிஞ்சு பள்ளத்துல போயிருச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் போன் போட்டேன். எம் புருசன் செத்துப் போயிட்டாருன்னு சொன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீக?”

என்ன சொன்னார் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. மெஷினைக் கழற்றக் கை போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“‘ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இருங்க’ன்னீக.”

மாயம்மாள் நல்ல மெஷினாகத்தான் வாங்கியிருந்தாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.