‘வாரேன்’ சொல்லக் கூடாத வீடு

“…சாத்தாதீங்கக்கா, வாரேன்னு சொல்லிட்டுத்தான போயிருக்காரு,” என்றாள் அவள், நான் வாசல் கதவில் கை வைத்ததும்.

அவனியாபுரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் கணவர் கொட்டாம்பட்டிப் பக்கம் ரோட்டில் அடிபட்டு இறந்து அன்றோடு பன்னிரண்டு நாள். அவள் ஒரு சொட்டு அழவில்லை. கதவைத் திறந்தே வைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சோறும் இறங்கவில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று அவளுடைய நாத்தனார் பயந்து, எப்படியாவது அழ வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார். “நீதான் கல்லையும் பேச வச்சிருவியே” என்றார்.

என் பேச்சின் லட்சணம் எனக்குத் தெரியும். அவர் இறந்த அன்று துக்கம் கேட்கப் போய்விட்டுக் கிளம்புகையில், பழக்கதோஷத்தில் “வாரேன்” என்று சொல்லிவிட்டேன். இழவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். சொன்னால் சாவும் திரும்ப வரும் என்று பயம். கூடியிருந்த பெண்கள் முறைத்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து, “எப்பக்கா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் அத்தனை ஆசை இருந்தது.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். விதி, காலம், பிள்ளைகள் என்று ஆறுதல் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் மணி நாலாகிவிட்டதா என்று கேட்டாள். அவர் வேலை முடிந்து வரும் நேரம்.

தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. இஞ்சின் அணைந்தது. ஸ்டாண்டு போடும் சத்தம். படியில் படுத்திருந்த நாய் எழுந்து வாலை ஆட்டியது. அது அவரைக் கண்டால் மட்டும்தான் வாலாட்டும். எட்டிப் பார்த்தேன். வெயில் நின்றது, வண்டி இல்லை.

“உங்களுக்கும் கேட்டுச்சா?”

பக்கத்துத் தெரு வண்டியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தினமும் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். “கேட்டுச்சு” என்றேன். அதோடு நிறுத்தினேன். என் ஆயுளில் நான் இம்புட்டுக் கொஞ்சமாகப் பேசியதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. நாய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்துக்கொண்டது.

வெகு நேரம் கழித்து அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க வாரேன்னு சொன்னீங்க, வந்துட்டீங்க,” என்றாள். “அவரும்தான் சொன்னாரு.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதிலேயே நெற்றியை முட்டி அழுதாள்.